சம்பளச் சீட்டில் வரி பிடித்தார்கள், வரிக் கணக்கில் ஒரு பைசா இல்லை

வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் இப்போது நம்ம தர்மபுரி பக்கமே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். மாதம் 1,40,000 என்று பேச்சு. மாதா மாதம் அழகாக ஒரு சம்பளச் சீட்டு வரும், அதில் வருமான வரி 11,000, பிஎஃப் 1,800 என்று பிடித்தம் போட்டிருக்கும், மீதி 1,27,200 என் கணக்கில் ஏறும். பெங்களூரில் வேலை பார்த்தபோது வந்த சீட்டும் இப்படித்தான் இருந்தது, அந்த 1,800 கூட 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகமே வரவில்லை.

பாலக்கோட்டில் வீடு கட்ட பிப்ரவரி கடைசியில் லோன் கேட்டுப் போனேன். 26ஏஎஸ், அதாவது நம் பேரில் அரசுக்குக் கட்டிய வரியின் பட்டியல், கொண்டு வரச் சொன்னார்கள். தர்மபுரியில் ஒரு ஆடிட்டரிடம் போனால், அவர் திறந்து பார்த்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இதுல உங்க கம்பெனி பேரே இல்லையே. அவங்க டான் நம்பர் என்ன?" வரி பிடிக்கிற கம்பெனிக்கு வருமான வரித் துறை தரும் நம்பர் அது, சீட்டில் அப்படி ஒன்றே இல்லை. பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தால் கடைசி வரவு பெங்களூர் கம்பெனி போட்டது.

கேட்டு மெயில் போட்டேன். பதில் என்ன தெரியுமா? நீங்கள் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர், வரி உங்கள் பொறுப்பு, சீட்டில் இருப்பது வெறும் மாதிரிக் கணக்காம். 11 மாதம், 1,40,800 ரூபாய், மாதிரிக் கணக்கு! ஒப்பந்தத்தை அப்புறம்தான் முழுசாகப் படித்தேன், ஆறாம் பக்கத்தில் அந்த வாசகம் இருக்கிறது, வழக்கு என்றால் அவர்கள் ஊர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பேங்க் தந்த வரவு ரசீதில்கூட சம்பளம் என்று இல்லை, மென்பொருள் ஆலோசனைக்கான குறியீடுதான் போட்டிருந்தது. அது முதல் மாதத்திலிருந்தே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

ஒப்பந்தக்காரராக வேலை பார்ப்பது தப்பில்லை, தெரிந்தே செய்கிறவர்கள் வரிக்கும் சேர்த்துப் பேசி வாங்குகிறார்கள். நான் தெரியாமல் மாட்டினேன். வருஷம் முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியில் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15 மூன்று தவணையும் போய்விட்டது, அதற்கு மாதம் 1 சதவீத வட்டி வேறு. புதிய வரி முறையில் ஊழியருக்கு வருமானத்திலிருந்து கழித்துக் கொடுக்கும் 75,000 நிலையான கழிவும் எனக்கு இல்லை. உண்மையிலேயே பிடித்திருந்தால் அந்த வரியை உங்களிடம் மறுபடி கேட்க முடியாது, 1961 வருமான வரிச் சட்டத்தில் அதற்கு 205ஆம் பிரிவே உண்டு என்றார் ஆடிட்டர், ஆனால் இவர்கள் பிடிக்கவே இல்லை என்கிறார்களே.

வெளிநாட்டிலிருந்து நேராகப் பணம் வருகிறவர்கள் இன்றைக்கே வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் திறந்து பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்தது ஆகஸ்டுக்குள் அதில் ஏறியிருக்க வேண்டும். அதோடு பிஎஃப் பாஸ்புக்கையும் பாருங்கள்.

மார்ச் 15க்குள் வரியைக் கட்டிவிட்டேன், வீட்டுக்கு வைத்திருந்த பணத்தில். சொந்தத் தொழில் என்றால் இரண்டு வருஷ ரிட்டர்ன் வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் இப்போது பக்கத்து வீட்டு ஆடுகள் இறங்கி மேய்கின்றன.