"ஃபாரஸ்ட் பர்மிஷன் எங்க பொறுப்பு" என்பவரிடம் குரங்கணிக்குப் பணம் கட்டாதீர்கள்

போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைகளான குரங்கணி, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை என்று வாட்ஸப்பில் சுற்றும் வார இறுதிப் பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அப்படி ஒன்றில் போய் ஏமாந்தவன் நான். அதை நடத்தியவரின் பெயரையும் எண்ணையும் போடவில்லை. போட்டும் பயனில்லை, இந்த ஆட்கள் பெயரைச் சட்டை மாதிரி மாற்றுகிறார்கள். வேலை செய்யும் விதம் மட்டும் மாறுவதில்லை.

2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு நேரடி ரயில் வந்தபிறகு இந்த வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை போடி, ஞாயிறு இரவு கிளம்பினால் திங்கள் காலை சென்னை. லீவு போட வேண்டாம். எங்களுக்குச் சொன்ன திட்டமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது: சனிக்கிழமை போடியிலிருந்து குரங்கணி வரை கொட்டக்குடி ஆற்றை ஒட்டி மலை சைக்கிள், இரவு ஆற்றங்கரையில் கூடாரம், மறுநாள் விடியலில் டாப் ஸ்டேஷனுக்கு மலையேற்றம், திரும்ப ஜீப். சாப்பாடு, கைடு, வனத்துறை அனுமதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே, ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது.

அனுமதிக்கு வேண்டும் என்று எல்லோருடைய ஆதார் நகலையும் அந்த வாட்ஸப் குழுவிலேயே போடச் சொன்னார்கள். முகம் தெரியாத அத்தனை பேரின் ஆதாரும் அத்தனை பேரின் போனிலும் இருக்கிறது. எங்கேயாவது அடையாள அட்டை கேட்டால், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். "கியர் சைக்கிள், எல்லாம் புதுசு" என்றார்கள். குட்டியானையில் வந்து இறங்கியவற்றில் பாதிக்குச் சங்கிலி துருப்பிடித்திருந்தது. எனக்கு வந்ததில் முன் பிரேக் ஒயரே இல்லை. ஹெல்மெட் எல்லோருக்கும் போதவில்லை. "மெதுவாப் போங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றான் கூட வந்த பையன். சாலையைக் குறை சொல்ல மாட்டேன். மாந்தோப்பு, இலவ மரங்கள், கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு, எதிரே சுவர் போல மலை. நல்ல சைக்கிள் இருந்தால் அந்தப் பாதைக்காக மட்டுமே போடிக்குப் போகலாம். ஏறும்போது பிரேக்கின் அருமை தெரியாது. இடையில் வரும் இறக்கம் ஒன்றில் மதுரையிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் பாலத்துக் கட்டையில் மோதி முழங்கையைக் கிழித்துக்கொண்டார். முதலுதவி என்று அவர்களிடம் இருந்தது ஒரு தைலக் குப்பி.

கூடாரங்களை ஆற்று மணலிலேயே அடித்திருந்தார்கள். பக்கத்துத் தோப்புக் காவல்காரர் ஒருவர் வந்து, "மேல மழை பேஞ்சா தண்ணி சொல்லாமக் கொள்ளாம வரும், மேட்டுக்குப் போங்க தாயீ" என்று சத்தம் போட்டபிறகுதான் எடுத்து மாற்றினார்கள். அந்தப் பெரியவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த இரண்டு நாளில் எங்கள் பாதுகாப்பைப் பற்றி யோசித்த முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். விடிவதற்கு வெகு முன்பே எழுப்பி, டார்ச் அடிக்காமல் இரண்டிரண்டு பேராக வரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "செக்போஸ்ட் வழியாப் போனா லேட்டாகும்ணே" என்று பதில். கொஞ்ச தூரம் போனதும், "யாராச்சும் கேட்டா எஸ்டேட்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லிருங்க" என்றார்கள். அங்கேயே நின்றுவிட்டோம். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னோம். போனில் ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே அரசு முத்திரை, கீழே படிக்க முடியாத ஒரு கையெழுத்து. எங்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை, பாதையின் பெயரும் இல்லை, தேதியில் மாதமே வேறு. வாக்குவாதம் முடிவதற்குள் விடிந்துவிட்டது, வனக்காவலர்களும் வந்துவிட்டார்கள். பெயர், முகவரி எழுதிக்கொண்டு கீழே அனுப்பினார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். எங்கள்மேல் வழக்கே போட்டிருக்கலாம். கைடு என்று வந்த பையன் அதற்குள் ஆளையே காணோம். தினக்கூலிக்கு வந்தவன், அவனைச் சொல்லி என்ன. திட்டம் போட்டு விற்றவர் சென்னையிலிருந்தே கிளம்பவில்லை.

போனில் அவர் தந்த சமாதானம்: "டாப் ஸ்டேஷன் இல்லேன்னா கொழுக்குமலை போயிக்கலாம், ஆளுக்கு 1,200 மட்டும் போடுங்க." இதிலும் ஒரு சூது இருக்கிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. போஸ்டரில் "கொழுக்குமலை ட்ரெக்கிங்" என்று போட்டு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய், அங்குள்ள தேயிலை எஸ்டேட்டின் நுழைவுச் சீட்டைக் காட்டி "இதாங்க பர்மிட்" என்பார்கள். எஸ்டேட் சீட்டு எஸ்டேட்டுக்குத்தான். காட்டுக்குள் கால் வைக்க அது செல்லாது.

இதெல்லாம் வெறும் காகிதச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு: 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அன்று முதலில் தெளிவாகத் தெரியவில்லை. செக்போஸ்ட்டைச் சுற்றிக் கூட்டிப் போகிறவர் உங்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார். தீயோ வெள்ளமோ யானையோ, நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள்.

இப்போது சரிபார்ப்பது சுலபம். 2024 அக்டோபரில் அரசு "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரில், உங்கள் போனிலிருந்து நீங்களே பதிவு செய்யலாம். கைடாக வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். தேனி மாவட்டத்துக்கு அந்தப் பட்டியலில் இருந்தவை குரங்கணி–சாம்பலாறு, சின்னச்சுருளி–தென்பழனி. டாப் ஸ்டேஷன் அதில் அப்போது இல்லை. ஆகவே "டாப் ஸ்டேஷன் ட்ரெக்கிங், பர்மிஷனோட" என்று யாராவது விற்றால், பதிவு எண்ணைக் கேளுங்கள். கோடையில் தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருக்கும் மாதத்துக்கும் பேக்கேஜ் விற்கிறார்கள் என்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். சந்தேகமிருந்தால் அந்த ஊர் ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

டாப் ஸ்டேஷனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மூணாறிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். முன்பு மேலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொட்டக்குடிக்கு இறக்கிய ரோப்வேயின் உச்சி நிலையம் அது. பெயரே அங்கிருந்துதான் வந்தது. அதைப் பார்க்க யாரும் இருட்டில் ஒளிந்து போக வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். "ட்ரெக்கிங்ல ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு, பேக்கேஜ் விற்றவர் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை அவருக்கு அனுப்பியபின் எனக்குப் பாதிப் பணம் வந்தது. மதுரை அக்காவுக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், போஸ்டர், அந்தப் போலி பிடிஎஃப் மூன்றையும் நான் வைத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் உங்களிடம் இருப்பதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்து தேனி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.