மூன்று 'எரர் காயின்', ஒரு லூப், ஒரு குட்டித் தராசு

போன மாதம் ஆன்லைனில் ஒருவரிடம் 'எரர் காயின்', அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாகிப்போன காசு என்று மூன்று நாணயங்களை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கைக்கு வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது, அதைத் தீர்த்துக்கொள்ள இன்னும் 750 ரூபாய் போட்டு ஒரு மடக்கு லூப்பும் (கண்ணோரம் வைத்துப் பார்க்கும் குட்டி பூதக்கண்ணாடி), 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசும் வாங்கினேன். முதலில் வாங்க வேண்டியதைக் கடைசியில் வாங்கியிருக்கிறேன், சரி விடுங்கள்.

தராசு அருமை. 1992இல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம். வீட்டில் கிடந்த பத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தேன், 48.46 காட்டியது. எனக்கு அது போதும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

உடனே மாட்டியது, ஒரு பக்கம் அச்சே விழாத ஒரு ரூபாய். நாணயச்சாலையில் அப்படி நடப்பதுண்டு: இன்னும் அச்சு விழாத இரண்டு வெற்று வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுக்குள் மாட்டிக்கொண்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் பதியும். ஆனால் எடை குறையாது, உலோகம் எங்கே போகும்? என்னுடையது 4.21 கிராம். யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்.

அடுத்தது ஓரம் வெட்டுப்பட்ட பழைய ஐந்து ரூபாய், 9 கிராம் இருக்க வேண்டிய கனமான காசு. இங்கே தராசு உதவாது, ஏனென்றால் அசல் வெட்டிலும் எடை குறையும். லூப்தான் வழி. அசலில் வில்லை முதலிலேயே வெட்டுப்பட்டிருக்கும், அப்புறம்தான் அதன்மேல் அச்சு விழும், அதனால் வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் கொஞ்சம் இழுபட்டுத் தேய்ந்தாற்போல இருக்கும், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். என் காசில் எதிர்ப்பக்கம் விளிம்பு கும்மென்று நிற்கிறது, இந்தப் பக்கம் எழுத்து கத்தியால் அறுத்தது போல பாதியில் முடிகிறது, வெட்டிய முகத்தில் வரிவரியாக அரத்தின் தடம். இரண்டாவதும் போச்சு.

லூப் பற்றி: 30X, 60X, அதாவது 30 மடங்கு, 60 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். நண்பரின் நல்ல 10X லூப்பை வைத்துப் பார்த்தபோதும் எழுத்து கிட்டத்தட்ட அதே அளவில்தான் தெரிந்தது, இதில் ஓரமெல்லாம் மங்கி ஊதா நிறம் வேறு அடிக்கிறது. எல்இடி விளக்கு ஸ்டீல் காசில் கண்ணைக் கூசும். அதை அணைத்துவிட்டு ஜன்னலோரம் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் சரி, மேடு பள்ளம் அப்போதுதான் பிடிபடும்.

அந்த மேடு பள்ளம்தான் மூன்றாவது காசைக் காப்பாற்றியது. இரண்டு விரல் போட்ட 2007 இரண்டு ரூபாயில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு மெல்லிய கோடு. கீறல் என்றால் பள்ளமாக இருக்கும், ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். இது புடைத்து நிற்கிறது, அதாவது விரிசல் விட்டது அச்சு, அதற்குள் உலோகம் ஏறியிருக்கிறது. அசல்தான். ஆனால் இந்த ரகம் ஏகப்பட்டது கிடைக்கும், நான் கொடுத்த 300 ரூபாய் ரொம்ப அதிகம்.

விற்றவரிடம் எடையைப் படமெடுத்து அனுப்பினேன். 'பழைய காசு சார், தேய்ஞ்சிருக்கும்' என்றார். ஒரு பக்கம் மட்டுமா?

தராசுக்கு ஐந்துக்கு நாலரை, லூப்புக்கு இரண்டு. 10X என்று நேர்மையாகப் போட்ட ஒன்றுக்கு இப்போது காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.