டீப்பாயா, ஃப்ரிட்ஜ் கதவா: கணினிக்கு வீட்டில் எந்த இடம்?

டீப்பாய் எதற்கு? கையில் இருப்பதை வைப்பதற்கு. சாவி, பத்திரிகை, பாதி குடித்த காபி, அலுத்து வந்து உட்கார்ந்தால் இரண்டு கால்கள். அந்தப் பலகையை அப்படியே தொடுதிரையாக மாற்றிவிட்டால் முதல் வாரம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படங்களை விரலால் இழுத்து விளையாடுவார்கள். இரண்டாவது வாரம், “அது மேல எதையும் வைக்காதே” என்று ஒருவர் மற்றவரை விரட்டத் தொடங்குவார்.

வீட்டுச் சாமானுக்குள் கணினியைப் புகுத்தும் ஆசைக்குக் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. இதுவரை வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வகை தேறும்: திரையே மேல்பலகையாக இருக்கும் மேசை, வேண்டும்போது மேசைமேல் படுக்கவைக்கும் பெரிய கணினி, ஃப்ரிட்ஜ் கதவில் பதித்த திரை, மேசைமேல் படத்தை விழவைக்கும் ப்ரொஜெக்டர், தச்சரை வைத்து நாமே செய்துகொள்வது. விற்பவர்கள் அங்குலத்தையும் ப்ராசஸரையும் வைத்து ஒப்பிடச் சொல்வார்கள். நான் இரண்டே கேள்வி கேட்பேன். திரை ஏறிய பிறகும் அந்தச் சாமான் தன் பழைய வேலையைச் செய்கிறதா? உள்ளே இருக்கும் கணினி செத்துப்போனால் அதை மட்டும் கழற்றி எடுக்க முடியுமா?

இரண்டாவது கேள்விதான் பலரைக் கவிழ்ப்பது. நல்ல மரமேசை ஒரு தலைமுறைக்கு நிற்கும். விண்டோஸ் விஸ்டாவுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2017 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். ஒரு மேசை தேய்வதற்குள் மூன்று கணினிகளுக்குக் காரியம் முடிந்துவிடுகிறது.

மேசையே கணினி

இன்று சர்ஃபேஸ் என்றால் டேப்லெட்டும் லேப்டாப்பும் நினைவுக்கு வரும். 2007 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரில் அறிமுகப்படுத்தியது ஒரு மேசையை. 30 அங்குலத் திரை, 1024 x 768 பிக்சல். திரை என்று சொன்னாலும் எல்சிடி கிடையாது. பெட்டிக்குள் அடியில் ஒரு ப்ரொஜெக்டர் மேல்நோக்கிப் படத்தை வீசும். பக்கத்திலேயே ஐந்து அகச்சிவப்புக் கேமராக்கள் மேல்பலகையை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். விரல் வைத்தால் ஒளி சிதறும், அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். ஒரே சமயத்தில் 52 தொடுகைகளை அது தாங்கியது. விரலை மட்டுமல்ல, அடியில் புள்ளிக் குறியீடு ஒட்டிய பொருளை வைத்தாலும் அடையாளம் கண்டது. 256 வெவ்வேறு குறியீடுகள் இருந்தன. கோப்பையை வைத்தால் அதைச் சுற்றி மெனு விரியும்.

அழகான யோசனை. ஆனால் ப்ரொஜெக்டருக்கும் கேமராவுக்கும் ஆழம் வேண்டுமே, ஆகவே அது நாலு பக்கமும் மூடிய பெட்டி. உட்கார்ந்தால் முழங்காலை வைக்க இடமில்லை. விலை 10,000 டாலரை ஒட்டி. 2008-இல் அது போய்ச் சேர்ந்த இடங்கள் ஏடி அண்ட் டி தொலைபேசிக் கடைகள், லாஸ் வேகஸ் ஹோட்டல் மதுக்கூடம் போன்றவைதான். வீட்டு வரவேற்பறைகள் அல்ல.

அடுத்த தலைமுறையில் பெட்டி போய்க் கால்கள் வந்தன. 2011 ஜனவரியில் காட்டப்பட்ட சாம்சங் எஸ்யூஆர்40, 40 அங்குல எல்சிடி, சுமார் 10 செ.மீ. கனம். கேமராக்களுக்குப் பதிலாகத் திரையின் பிக்சல்களுக்கு நடுவிலேயே அகச்சிவப்பு உணரிகளைப் பதித்திருந்தார்கள். வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு தாராளமாக உண்டு. ஜன்னலோரம் போட்டால் யாரும் தொடாமலே தொட்டதாக அது நினைத்துக்கொள்ளும். 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் டேப்லெட் விற்கக் கிளம்பியபோது சர்ஃபேஸ் என்ற பெயரையும் பிடுங்கி அதற்கே கொடுத்துவிட்டது. மேசைக்கு பிக்சல்சென்ஸ் என்று மறுபெயர். சொந்தப் பெயரைக்கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மேசை.

விலை குறைந்து, இப்போது ஆண்ட்ராய்டோ விண்டோஸோ ஓடும் திரை மேசைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆனால் கிடைமட்டத் திரைக்கே உரிய தொல்லைகள் எதுவும் தீரவில்லை. டீப்பாயின் உயரம் பெரும்பாலும் 40 முதல் 45 செ.மீ. சோபாவில் உட்கார்ந்து அதை வாசிக்கக் குனிய வேண்டும், பத்தே நிமிடத்தில் பிடரி இறுகும். மேலே எரியும் விளக்கு கண்ணாடியில் அப்படியே தெரியும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் எழுத்து ஒருவருக்கு நேராக, ஒருவருக்குத் தலைகீழாக, இருவருக்குப் பக்கவாட்டில். மலிவான டிஎன் வகைத் திரையாக இருந்தால் எதிரில் இருப்பவருக்கு நிறமும் மங்கும். வாங்குவதானால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மங்காத ஐபிஎஸ் வகைத் திரையா என்று கட்டாயம் கேளுங்கள்.

எழுத்து தலைகீழானாலும் கவலையில்லாத ஒரு வேலை இருக்கிறது, விளையாட்டு. செஸ் பலகைக்கு மேல் கீழ் கிடையாது. குனிந்து உட்கார்வதும் அங்கே இயல்பு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது ஆர்கேட்1அப் நிறுவனத்தின் இன்ஃபினிட்டி கேம் டேபிள். 24 அங்குலம், 32 அங்குலம் என்று இரண்டு அளவு. மோனோபோலி போன்ற பலகை விளையாட்டுகள் திரையிலேயே. கால்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண மேசைமேலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் செய்யும் மேசை என்று சொல்லாமல், விளையாட்டு மேசை என்று சொல்லி விற்றார்கள். இந்த வகையில் நேர்மையான பொருள் இதுதான் என்பது என் கணிப்பு. ஆனாலும் இரண்டாவது கேள்விக்கு இதனிடமும் பதில் இல்லை. உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு பழசானால் மேசையும் பழசு.

படுக்கவும் நிற்கவும் தெரிந்த கணினி

லெனோவோ 2013 ஜனவரியில் ஹொரைசன் என்ற 27 அங்குலக் கணினியைக் காட்டியது. முதுகில் முட்டுக்கால். நிறுத்தினால் சாதாரண மேசைக் கணினி, சாய்த்துப் படுக்கவைத்தால் பத்து விரல்களை ஏற்கும் பலகை. கூடவே திரையில் ஒட்டி ஆடும் ஜாய்ஸ்டிக், உருட்டினால் கணினிக்கு எண்ணைச் சொல்லும் பகடை. சோனி, டெல் போன்றவர்களும் 18, 20 அங்குலத்தில் இதே வழியில் போனார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஐந்தில் புத்திசாலித்தனமானது இதுதான். மேசை மேசையாகவே இருக்கிறது. கணினி செத்தால் கணினியை மட்டும் அகற்றலாம். ஆனால் ஹொரைசன் சுமார் 8 கிலோ, பேட்டரி தாங்குவதோ இரண்டு மணி நேரத்தை ஒட்டி. 8 கிலோவை நிற்கும் நிலையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் டீப்பாயில் படுக்கவைப்பது தினசரி செய்யும் காரியமா? ஒரு மாதம் கழித்து அது நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தத் தலைமுறை முழுவதும் கடைகளிலிருந்து மறைந்தது. டேப்லெட்டே போதும் என்று வீடுகள் முடிவு செய்துவிட்டன.

ஃப்ரிட்ஜ் கதவு

முதல் கேள்வியில் முதல் மதிப்பெண் இதற்கு. ஃப்ரிட்ஜ் கதவின்மேல் யாரும் எதையும் வைப்பதில்லை. ஒட்டுவார்கள். காந்தத்தில் செருகிய சீட்டு, பள்ளியிலிருந்து வந்த தாள், வாங்க வேண்டியவற்றின் பட்டியல். ஏற்கெனவே அறிவிப்புப் பலகையாக இருப்பதைத் திரையாக்கினால் பழைய வேலை கெடாது, கூடுதலாகச் செய்யும். திரை செங்குத்தாக இருப்பதால் கழுத்தும் தப்பிக்கும். கையை நீட்டியே வைத்திருந்தால் தோள் வலிக்கும்தான், ஆனால் அங்கே யாரும் அரை நிமிடத்துக்கு மேல் தட்டப்போவதில்லை.

இந்த வழியை முதலில் வெட்டியது எல்ஜி. 2000-ஆம் ஆண்டு அவர்கள் விட்ட இணைய ஃப்ரிட்ஜின் விலை 20,000 டாலருக்கும் மேல். யார் வாங்குவார்கள்? வாங்கவில்லை. 2016-இல் சாம்சங் ஃபேமிலி ஹப் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. கதவில் 21.5 அங்குலத் திரை, உள்ளே மூன்று கேமராக்கள். ஒவ்வொரு முறை கதவை மூடும்போதும் உள்ளிருப்பதைப் படம் எடுத்துவைக்கும், கடையில் நின்றுகொண்டு போனில் பார்த்துக்கொள்ளலாம். உண்மையாகவே பயன்படும் வசதி, மறுக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. சாம்சங்கின் முந்தைய ஃப்ரிட்ஜ் மாடல் ஒன்றில் 8 அங்குலத் திரை இருந்தது, கூகுள் காலண்டரைக் காட்டும். 2014 இறுதியில் கூகுள் தன் காலண்டரின் பழைய இணைப்பு முறையை நிறுத்தியதும் அந்தத் திரைகளில் காலண்டர் நின்றுபோனது. கம்ப்ரஸர் ஓடுகிறது, ஐஸ் உறைகிறது, காலண்டர் மட்டும் இல்லை. அப்போது ஃப்ரிட்ஜை மாற்றுவதா, கதவில் ஒரு செத்த ஜன்னலோடு வாழ்வதா? இப்போது சாம்சங் புதிய சாதனங்களுக்கு ஏழு ஆண்டு வரை மென்பொருள் புதுப்பிப்பு என்கிறது. முன்னேற்றம்தான். ஃப்ரிட்ஜ் அதையும் தாண்டி உழைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, திரை வந்தால் விளம்பரம் வரும். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபேமிலி ஹப் ஃப்ரிட்ஜ்களில் விளம்பரம் காட்டும் சோதனையைச் சாம்சங் தொடங்கியது, ஏற்கெனவே வாங்கி வீட்டில் நிற்கும் ஃப்ரிட்ஜ்களில். மரக்கதவு அலமாரி எந்தக் காலத்திலும் அப்படிச் செய்ததில்லை.

ப்ரொஜெக்டர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2017-இல் சோனி விட்ட எக்ஸ்பீரியா டச், மேசையில் வைத்தால் தன் எதிரிலேயே 23 அங்குலப் படத்தை விழவைக்கும், அந்தப் படத்தைத் தொடலாம். அகச்சிவப்புக் கேமரா விரலைக் கவனிக்கும். என் இரண்டு கேள்விகளிலும் இதற்கு முழு மதிப்பெண். மேசைக்கு ஒரு கீறலும் இல்லை, வேலை முடிந்ததும் எடுத்து அலமாரியில் வைக்கலாம். ஆனால் வெளிச்சம் வெறும் 100 லூமென். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் எதையாவது பார்க்க முடியும். விலை 1,499 யூரோ. சாமானாக ஜெயித்துக் கணினியாகத் தோற்ற பொருள்.

மரச்சாமான் விற்கும் ஐகியா நிறுவனம் 2015-இல் மிலானில் வைத்த மாதிரிச் சமையலறையிலும் இதே உத்தி. மேசைக்கு மேலே கேமராவும் ப்ரொஜெக்டரும், மேசையில் வைத்த காயைப் பார்த்துச் சமையல் குறிப்புச் சொல்லும். 2025-இன் சமையலறை என்று பெயர் வைத்திருந்தார்கள். 2025 வந்தும் போய்விட்டது.

நாமே செய்துகொண்டால்

கைவேலைக்கு அஞ்சாதவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். திரையைப் பதித்தே கடையில் விற்கும் எந்தச் சாமானும் தராத ஒன்றை இது தருகிறது, பிரித்தெடுக்கும் உரிமை. பெரும்பாலான மானிட்டர்களின் முதுகில் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும், வேசா என்ற தரநிலை. அதில் மாட்டியது எதையும் நாளை கழற்றி வேறொன்றை மாட்டலாம். பின்னால் உள்ளங்கை அளவு மினி கணினி. அது பழசானால் அதை மட்டும் மாற்றினால் போயிற்று.

எந்தத் தொடுமுறை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சாதாரண மானிட்டரின்மேல் மாட்டும் அகச்சிவப்புச் சட்டம் மலிவு, யூஎஸ்பியில் செருகினால் வேலை செய்யும். இரண்டு ஓரங்களிலிருந்து ஒளிக்கதிர்கள் எதிர் ஓரங்களுக்குப் பாய்ந்தபடி இருக்கும். குறுக்கே எது வந்தாலும் அது விரல்தான். சட்டைக் கை, பேனா, காகிதம், ஊர்ந்து போகும் எறும்புகூட. சுவரிலோ அலமாரிக் கதவிலோ இது பிரமாதம். மேசையில் படுக்கவைத்தால் தலைவலி. மேசைக்குக் கபாசிட்டிவ் வகைதான் சரி. அது விரலின் மின்தன்மையைக் கண்ணாடி வழியாக உணர்வதால் காகிதத்தைக் கண்டுகொள்ளாது. தண்ணீர் சிந்தினால் அதுவும் குழம்பும், துடைத்தால் தெளிந்துவிடும்.

வெப்பம் அடுத்தது. நிற்கும் திரையில் சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேறும். படுத்த திரைக்கு அடியில் அது சிக்கிக்கொள்ளும். பலகைப் பெட்டிக்குள் அடைப்பதானால் ஒரு பக்கம் கீழே காற்று நுழையவும், எதிர்ப்பக்கம் மேலே வெளியேறவும் துளைகள் கட்டாயம். பாதுகாப்புக் கண்ணாடி திரைமேல் நேராக அழுந்தக் கூடாது, சில மி.மீ. இடைவெளி விடுங்கள். கூடவும் விடாதீர்கள். அதிகமானால் விரல் ஓரிடத்திலும் பொத்தான் ஓரிடத்திலுமாகத் தெரியும்.

மானிட்டர் வேண்டாம், பழைய டேப்லெட்டைக் கதவில் பதித்துவிடலாம் என்று தோன்றும். பதிக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜில் இருக்கும் லித்தியம் பேட்டரி, காற்றோட்டமில்லாத மரப் பொந்துக்குள் நாளடைவில் உப்பும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவையுங்கள், இல்லையென்றால் பேட்டரியே இல்லாத திரையை வாங்குங்கள். கதவு என்பதால் வயர் கீல் பக்கமாக வரட்டும், திறந்து மூடினாலும் மடங்கிச் சாகாத அளவுக்குத் தொய்வு விட்டு.

இதெல்லாம் யாருக்கு ஆகும் என்று கேட்டால், வாரம் இரண்டு நாளாவது பலகை விளையாட்டு ஆடும் வீட்டுக்குக் கால் கழற்றும் விளையாட்டு மேசையைச் சொல்வேன். சமையலறைக்குத் திரையில்லாத ஃப்ரிட்ஜும், அதன் கதவில் காந்தப் பிடிப்பானில் ஒரு டேப்லெட்டும் போதும். விலையுயர்ந்த கதவுத்திரை செய்வதில் உள்ளே படம் எடுக்கும் கேமரா தவிர மற்றதெல்லாம் அதில் நடக்கும். வரவேற்பறை டீப்பாயை டீப்பாயாகவே விடுங்கள். அலமாரியிலோ படிப்பு மேசையிலோ திரை பதித்தே தீருவேன் என்றால், தச்சரிடம் திரையின் அளவுக்கே பள்ளம் வெட்டச் சொல்லாதீர்கள். நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, அந்த இடைவெளியை மூடத் தனியாக ஒரு மரச்சட்டம் செய்துதரட்டும். அடுத்து வாங்கும் திரை வேறு அளவில்தான் வரும், அப்போது சட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.