ஒரே ஆபீஸ், இரண்டு பாதை: கமீய் கொத்தேனா, லோர் கலாமியா?

நடிகர்களின் ஏஜென்சி ஆபீஸ் ஒன்றைப் பற்றிய பிரெஞ்சு சீரியல் ‘கால் மை ஏஜென்ட்’. அதைப் பார்த்து முடித்த கையோடு வரும் கேள்வி இது. ஆந்த்ரேயாவாக வந்த கமீய் கொத்தேனின் மற்ற படங்களைத் தேடுவதா, நொயெமியாக வந்த லோர் கலாமியின் படங்களையா? பிரான்ஸ் 2 சேனலில் 2015 முதல் 2020 வரை ஓடிய அந்த 24 எபிசோடுகள்தான் இருவரையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. அதன்பின் ஆளுக்கொரு திசை.

கொத்தேன் முன்பு ஆங்கில டீச்சர். 2013-ல் கனால் ப்ளுஸ் சேனலில் ரகசியக் கேமரா துணுக்குகளில் பெயர் வாங்கினார். வெட்கம் என்பதே இல்லாத பாரிஸ்காரியாகத் தெருவில் போகிறவர்களைச் சீண்ட வேண்டும். எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரியாது, ரீடேக் கிடையாது, சிரித்துவிட்டால் காட்சி போச்சு. ஆந்த்ரேயாவின் வெடுக்குப் பேச்சு அங்கே தீட்டிக்கொண்டதுதான். ஆங்கிலமும் கைவசம் இருந்ததால் 2021-ல் ‘ஸ்டில்வாட்டர்’, ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’ இரண்டும் வந்தன. முதலாவதில் மர்சேய் நகரில், பிரெஞ்சு தெரியாத மேட் டேமனுக்கு மொழிபெயர்த்து உதவும் விர்ஜினி; முழுசான வேடம். இரண்டாவதில் சில காட்சிகளே. ஹாலிவுட் போஸ்டரில் பெயர் வரும், வேடத்தின் அளவுக்கு உத்தரவாதம் இல்லை.

கலாமி பிரெஞ்சு சினிமாவை விட்டு நகரவில்லை. நாயகி வேடங்கள் அவரைத் தேடி வந்தன. பாரிஸ் கன்சர்வத்வார் என்ற நடிப்புப் பள்ளியில் படித்து, நாடகம், துண்டு வேடங்கள் என்று பல வருஷம் ஓட்டியவர். ‘மை டாங்கி, மை லவர் அண்ட் ஐ’ 2021-ல் சிறந்த நடிகைக்கான செசார் என்ற பிரெஞ்சு சினிமா விருதை வாங்கித் தந்தது. கல்யாணமான காதலனைத் தேடி செவேன் மலைக்குப் போகும் பள்ளி டீச்சர். கூடவே பத்ரிக் என்ற கழுதை. அது அசையாமல் நிற்க, தன் காதல் கதையை அதனிடமே கொட்டுவார். அசட்டுத்தனத்தையும் அவமானத்தையும் ஒரே முகத்தில் வைத்திருப்பதுதான் கலாமியின் கெட்டிக்காரத்தனம். அதே வருஷம் ‘ஃபுல் டைம்’ படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிசோந்தி என்ற போட்டிப் பிரிவில் சிறந்த நடிகை விருது. ரயில் ஸ்டிரைக் நடுவே, தொலைவிலிருந்து பாரிஸ் ஓட்டலுக்கு வேலைக்கு ஓடும் தாய். த்ரில்லர் வேகம், நொயெமியின் கலகலப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும். அதனால் கழுதைப் படம் முதலில்.

நடிப்பின் வீச்சுக்கு என் ஓட்டு கலாமிக்கே. கொத்தேன் பக்கம் போகிறவர்கள் ‘ஸ்டில்வாட்டரில்’ தொடங்கலாம், ‘குச்சி’யை விட்டுவிடலாம். சீரியலை இன்னும் பார்க்காதவர்கள் நெட்ஃபிளிக்ஸில் ஆடியோவைப் பிரெஞ்சுக்கு மாற்றி, சப்டைட்டிலோடு பாருங்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே பாயும் வேகத்தில்தான் அதன் காமெடி. டப்பிங்கில் அது பாதிகூடத் தேறாது.