சிஎஸ்50 முடித்துச் சில வருடங்கள் கழித்து: என்ன மிச்சம்?

பி.காம் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் பக்கம் வந்தவன் நான். இப்போது பேக்எண்ட் டெவலப்பர், அதாவது ஆப்களுக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதுபவன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலை, எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று யார் கேட்டாலும் ஹார்வர்டின் இலவசப் பாடமான சிஎஸ்50-ஐத்தான் சொல்கிறேன். அதில் எது இன்றைக்கும் வேலைக்கு உதவுகிறது, எதை வேறு இடத்தில் கற்க வேண்டும் என்று இத்தனை நாள் கழித்துத் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

இதை நடத்தும் பேராசிரியர் டேவிட் மாலன் டெலிபோன் டைரக்டரியைக் கிழித்து, பாதி பாதியாக ஒதுக்கித் தேடும் 'பைனரி சர்ச்' முறையைப் புரியவைப்பதை எல்லோரும் பேசுவார்கள். வகுப்புகள் அருமைதான். ஆனாலும் பாடத்தின் உயிர் வாராவாரம் வரும் பயிற்சிகளில் இருக்கிறது.

நான்காம் வாரத்து 'ரிகவர்' பயிற்சியைப் பாருங்கள். கேமரா மெமரி கார்டில் அழிந்துபோன 50 படங்களை மீட்க வேண்டும். கையில் இருப்பது கார்டின் நகலான ஒரே ஃபைல். அதை 512 பைட்டுகளாகப் படித்துக்கொண்டே போகிறோம். ஒரு பிளாக்கின் முதல் மூன்று பைட்டுகள், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களில், எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று இருந்து, நான்காவது 'இ'யில் தொடங்கினால் அங்கே ஒரு ஜேபெக் படம் ஆரம்பம். முந்தைய ஃபைலை மூடு, புதியதைத் திற, எழுது. அவ்வளவுதான் லாஜிக். ஃபோல்டரில் 000 முதல் 049 வரை படங்கள் வரிசையாக வந்து நின்றபோது அப்படி ஒரு சந்தோஷம்! எந்த ஃபைலும் வெறும் பைட்டுகள்தான் என்ற தைரியம் அப்போது வந்தது. பின்னாளில் ஆபீஸில் ஒரு பிடிஎஃப் திறக்கவே மாட்டேன் என்றது. முதல் பைட்டுகளைப் பார்த்தேன், 'பிகே' என்று தொடங்கியது. அப்படியென்றால் ஜிப் வகை. யாரோ வேர்ட் ஃபைலின் பெயரை மட்டும் மாற்றி ஏற்றியிருந்தார்கள்.

அடுத்த வாரம் 'ஸ்பெல்லர்'. 1,43,091 சொற்கள் கொண்ட அகராதியை ஹேஷ் டேபிளில் (சொற்களைப் பல பக்கெட்டுகளாகப் பிரித்து வைத்துச் சட்டென்று தேடும் அமைப்பு) ஏற்றி, எழுத்துப்பிழை கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் புரோகிராம் காட்டும். 26 பக்கெட்டுகளைப் பல ஆயிரமாக்கினால் நேரம் சட்டென்று குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பைத்தான் ஆறாம் வாரம்தான் வரும். அதுவரை பெரும்பாலும் சி மொழி. "வேலை பைத்தானில்தானே, சி எதற்கு?" என்று அந்த வாரங்களைத் தாண்டிவிடப் பலருக்கும் ஆசை வரும். தயவுசெய்து தாண்டாதீர்கள். மெமரியை நாமே கேட்டு வாங்கி, நாமே திருப்பிக் கொடுத்துப் பழகினால்தான் பைத்தான் நமக்காக என்னென்ன செய்கிறது என்று புரியும்.

விடையை ஏஐயிடம் வாங்குவதற்குப் பாட விதிகளிலேயே அனுமதி இல்லை. 2023 முதல் அவர்களே வாத்து உருவில் ஒரு ஏஐ உதவியாளரைத் தருகிறார்கள். அது விடையை நீட்டாமல் வழி மட்டும் காட்டும்.

சரி, இது மட்டும் போதுமா? போதாது. இது அறிமுகப் பாடம். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) கருவியில் பிராஞ்ச் (தனிக் கிளை) பிரித்து வேலை செய்வது, அடுத்தவர் எழுதிய புரோகிராமை வாசித்துத் திருத்துவது எல்லாம் தனியாகப் பழக வேண்டியவை. அல்காரிதத்தை ஆழமாகப் படிக்க, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் தளமான என்பிடெல்லில் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. அங்கே படிப்பது இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

சான்றிதழைப் பற்றியும் கேட்கிறார்கள். எல்லாப் பயிற்சிகளையும் கடைசி புராஜெக்டையும் முடித்தால் சிஎஸ்50 இலவசமாகவே தருகிறது. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாக வாங்கும் சான்றிதழுக்குத்தான் பணம். என் இன்டர்வியூவில் சான்றிதழைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கடைசி புராஜெக்டைத் திறந்துவைத்து வரி வரியாகக் கேட்டார்கள். அதனால் அந்த புராஜெக்டுக்கு உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒன்றை எடுத்து, நேரம் கொடுத்துச் செய்யுங்கள். அந்த ஆண்டுப் பதிப்பின் கெடுவான டிசம்பர் 31-க்குள் முடியாவிட்டாலும், செய்த பயிற்சிகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டுப் பதிப்புக்குக் கூடவே வந்துவிடும்.