ராஜபாளையமா, லாப்ரடாரா?

கடலூரில் நாற்பது வருஷமாக நாய் வளர்க்கிறேன். இரண்டு இனத்திலும் குட்டி எடுத்திருக்கிறேன், இரண்டையும் நாய்க் கண்காட்சியில், நடுவர் பார்வையிடும் வளையத்தில் ஓட்டியிருக்கிறேன்.

வீட்டில் குழந்தைகள், வந்து போகும் ஆட்கள் அதிகம் என்றால் லாப்ரடார். நடுவர் அதன் வாயைத் திறந்து பல் பார்த்தாலும் வாலாட்டும். ஆனால் அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில் விடியற்காலையிலேயே நடையை முடித்துவிட வேண்டும். தீனியைக் குறைத்து வையுங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் இணை சேர்க்கவே கூடாது.

ராஜபாளையத்துக்கு குட்டை ரோமம், வெயில் தாங்கும். 2005-ல் தபால்தலையில் வந்த நான்கு இந்திய இனங்களில் இதுவும் ஒன்று. ஆனால் வெளி ஆளைத் தொட விடாது. வளையத்தில் நிற்க வேண்டுமென்றால், தடுப்பூசி முடிந்ததுமே சந்தை, பஸ் ஸ்டாண்டு என்று கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும். ஓட இடமும் உயரமான சுவரும் இருந்தால், என் மனசு இந்தப் பக்கம்தான்.

அப்புறம், காது. ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரும். என் முதல் ஈற்றில் எட்டில் இரண்டுக்குக் கேட்கவில்லை, அன்றைக்கு அழுதுவிட்டேன். குட்டி வாங்கும்போது மற்ற குட்டிகளிடமிருந்து தனியே பிரித்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டியை வைத்து இனவிருத்தி செய்யாதீர்கள். வீட்டில் வைத்துக் காப்பாற்றுங்கள். என் இரண்டும் பன்னிரண்டு வயது வரை என்னோடுதான் இருந்தன.