பாடி சாக்: பள்ளி நடன வகுப்புக்கு வாங்கலாமா?

டீச்சரைப் பார்த்து அப்படியே ஆடுவதிலேயே பள்ளி நடன வகுப்பு முடிந்துவிடுகிறது. பிள்ளை தானாக ஒரு அசைவைத் தேடிப் பார்க்க இடமே இல்லை. அதற்கு இடம் கொடுப்பதுதான் பாடி சாக். நாலு பக்கமும் இழுபடும் லைக்ராவில் தைத்த பை, முன்பக்கம் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே போய்க் கை, கால், முதுகால் தள்ளத் தள்ள உருவம் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1930இல் குழாய் போன்ற ஜெர்சித் துணிக்குள் உட்கார்ந்தே ஆடிய தனிநடனத்தின் பலமும் இதுதான்.

கடைகளில் பெரும்பாலும் 40, 47, 56 அங்குல உயரத்தில் வருகிறது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை 47 போதும். பெரிதாக வாங்கினால் துணி தொளதொளவென்று காலில் சிக்கும். தள்ளினால் எதிர்த்தும் தள்ளாது. சின்னதாக வாங்கினால் தோள்பட்டைத் தையல் விட்டுவிடும்.

முதல் நாள் பயிற்சியில் தலை வெளியே இருக்கட்டும், தரையில் உட்கார்ந்தே தொடங்கட்டும். "முழங்கையால் மட்டும் தள்ளு", "முதுகைப் பெரிதாக்கு" என்று சொல்லுங்கள். உருவம் கிடைத்ததும் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை, அசையாமல் இருக்க வேண்டும். பிறகு அதே உருவத்துக்கு எட்டு எண்ணிக்கையில் மெல்லப் போகச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஒரே எண்ணிக்கையில். நீங்கள் செய்து காட்டவே கூடாது. காட்டினால் வகுப்பு முழுக்க அதையேதான் செய்யும்.

பரதநாட்டியம் கற்பிப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: முட்டியைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி. "முட்டியை வெளியே தள்ளு" என்று எத்தனை தடவை சொன்னாலும் புரியாத பிள்ளைக்கு இதற்குள் புரிந்துவிடும். முட்டி பக்கவாட்டில் போனால் துணி விறைப்பாகும், முன்னால் சரிந்தால் உடனே தளரும். திருத்தம் தொடையிலேயே தெரிகிறது.

குறைகளும் உண்டு. மொசைக் தரையில் வழுக்கும், அதனால் பாய் கட்டாயம். உள்ளே இருக்கும்போது ஓட்டமோ குதியோ கூடாது. விழுந்தால் கையை ஊன்ற முடியாது. நம் ஊர் வெயிலில் ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். மூடிய இடத்துக்குப் பயப்படும் பிள்ளையையும் இளைப்பு உள்ள பிள்ளையையும் வற்புறுத்த வேண்டாம். கம்மல், கொலுசு, கண்ணாடி கழற்றியாக வேண்டும். வெல்க்ரோ வைத்தது வாங்காதீர்கள்: லைக்ராவில் ஒட்டி நூலைப் பிய்த்துவிடும். பிரஸ் பட்டன் நல்லது. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவும். இஸ்திரி போட்டால் இழுவை போய்விடும்.

தைத்துக்கொள்வது இன்னும் சிக்கனம். 60 அங்குல அகல லைக்ரா ஒன்றேகால் மீட்டர் வாங்கி அகலவாக்கில் இரண்டாக மடித்தால் 47 அங்குலப் பை ஒன்று வரும். டெய்லரிடம் ஓவர்லாக் போடச் சொல்லுங்கள். நேர்த்தையல் முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும். முப்பது பேர் வகுப்புக்கு ஆறு பை போதும். மற்றவர்கள் பார்த்த உருவத்தை வெளியே நின்று உடம்பால் செய்து பார்க்கட்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் இது வேண்டாம். துணி உடம்போடு ஒட்டுவதால் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து பிடிக்கும் எலாஸ்டிக் வளையம் வாங்குங்கள்.